சேம்பர் ஆர்கெஸ்ட்ரா சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் சேம்பர் ஆர்கெஸ்ட்ராக்களின் புதிய சீசன் அறிவிப்பு வந்ததும், முதல் முறை போக நினைக்கும் தமிழ் ரசிகர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரும். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். 1974-ல் தொடங்கிய ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவை மனத்தில் வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறோம். வேறு ஊர்க் குழுக்களிலும் நடைமுறை பெரிதாக மாறாது.

சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்றால் சின்ன ஆர்கெஸ்ட்ரா, அவ்வளவுதானே?

ஆள் கணக்கில் அவ்வளவுதான். வழக்கமான அமைப்பு இது: முதல் வயலின் 8, இரண்டாம் வயலின் 6, வியோலா 4, செல்லோ 4, டபுள் பேஸ் 2. ஆக 24 தந்தி வாத்தியங்கள். காற்று வாத்தியங்களான புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன், டிரம்பெட் ஆகியவற்றில் தலா 2, டிம்பனி முரசுக்கு ஒருவர். மொத்தம் 37 பேர். முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் 80 முதல் 100 பேர் இருப்பார்கள். முதல் வயலின் மட்டுமே 14 அல்லது 16.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'சேம்பர் மியூசிக்' என்று போட்டிருந்தால் அது வேறு: இரண்டு பேரிலிருந்து ஒன்பது பேர் வரை, ஆளுக்கொரு பகுதி, முன்னால் நின்று கையசைத்து நடத்தும் கண்டக்டர் கிடையாது. ஆர்கெஸ்ட்ரா என்று நினைத்து டிக்கெட் எடுத்து, மேடையில் நான்கே பேரைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. அதே குழுவின் உறுப்பினர்களே ஞாயிறு மதியங்களில் இப்படிச் சிறு கச்சேரி செய்வதும் வழக்கம் என்பதால், அறிவிப்பில் அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள்.

ஆள் குறைந்தால் சத்தமும் குறையுமே. அதே காசுக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ராவையே கேட்டுவிடலாமே?

நீங்கள் நினைக்கும் அளவுக்குக் குறையாது. 16 வயலின்களை 8 ஆக்கினால் ஒலி ஏறத்தாழ 3 டெசிபல்தான் இறங்கும். காதுக்கு அது சற்றே குறைவு, பாதியல்ல. ஆனால் ஒரே படைப்பை வாசிக்கும்போது காற்று வாத்தியங்கள் இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய அதே இரண்டிரண்டுதான். தந்தி அந்த 3 டெசிபல் விலகி நிற்பதால், பெரிய குழுவில் வயலின் போர்வைக்கு அடியில் கிடக்கும் இரண்டாம் பசூன் இங்கே தெளிவாக மேலே வரும்.

ஹைடனும் மோட்சார்ட்டும் எழுதியது இந்த அளவுக்குத்தான். பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனி 1804-ல் வியன்னாவில் லோப்கோவிட்ஸ் அரண்மனையின் ஒரு கூடத்தில், சுமார் முப்பது பேரைக் கொண்டு முதலில் ஒத்திகை பார்க்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்துக்கு எழுதியதை 2,000 இருக்கை அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டால் 'அழகாக இருக்கிறது' என்று மட்டும் தோன்றும். அதில் உள்ள ஆவேசம் வந்து சேராது. பிற்காலத்து மாலர், புரூக்னர் வேண்டுமென்றால் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குப் போங்கள். 1830-க்கு முற்பட்ட எதற்கும் எங்கள் ஓட்டு சின்னக் குழுவுக்கே.

சீசன் எப்போது ஆரம்பம்? டிக்கெட்டை எப்போது எடுக்கலாம்?

செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் தொடங்கி மே வரை. நிகழ்ச்சி நிரல் அதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே வந்துவிடும். முதலில் பல கச்சேரிகளைச் சேர்த்து வாங்கும் சந்தாதாரர்களுக்கு விற்பார்கள். சில வாரம் கழித்துத் தனி டிக்கெட்.

'மோட்சார்ட், சிம்பொனி எண் 40, ஜி மைனர், கே. 550' என்று ஒரு வரி. இதில் எது பாட்டின் பெயர்?

பெயரே கிடையாது. முழு வரியும் சேர்ந்துதான் அடையாளம். 'சிம்பொனி' வடிவம்: பெரும்பாலும் நான்கு பகுதிகள், தனி வாசிப்பாளர் இல்லை. அந்த இடத்தில் 'கான்செர்ட்டோ' என்றிருந்தால் மூன்று பகுதிகள், முன்னால் ஒரு தனி வாசிப்பாளர். 'ஜி மைனர்' ஆதார சுருதியும் அதன் சாயலும். 'கே.' என்பது 1862-ல் மோட்சார்ட்டின் படைப்புகளைக் கால வரிசைப்படி பட்டியலிட்ட கோஷெலின் எண். பாஹுக்கு 'பி.டபிள்யூ.வி.', ஷூபர்ட்டுக்கு 'டி.', விவால்டிக்கு 'ஆர்.வி.', பேத்தோவனுக்கு 'ஓபஸ்'.

இந்த எண் எதற்கு உதவும் என்றால், போகுமுன் வீட்டில் கேட்டுப் பார்ப்பதற்கு. 'மோட்சார்ட் ஜி மைனர் சிம்பொனி' என்று மட்டும் தேடினால் 25-ம் எண்ணும் வந்து நிற்கும். அதுவும் ஜி மைனர்தான். கே. 550 என்று போட்டால் குழப்பமில்லை. 'ஜூபிட்டர்', 'ஃபேர்வெல்' போன்ற பட்டப்பெயர்கள் பெரும்பாலும் பிறர் வைத்தவை. எல்லாப் படைப்புக்கும் அவை இருக்காது, இருப்பதனாலேயே படைப்பு உயர்ந்ததும் ஆகாது.

இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் நடந்ததிலிருந்து இந்தப் பக்கம் ஆசை வந்திருக்கிறது. எதில் ஆரம்பிக்கலாம்?

2025 மார்ச் 8-க்குப் பிறகு அதிகம் வரும் கேள்வி இது. தந்தி வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் ஒரு மாலையில் தொடங்குங்கள். திரைப்பாடல் பின்னணியில் வயலின் கூட்டத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். சைக்கோவ்ஸ்கியின் 'செரினேட்' (1880, அரை மணி நேரம்), டுவோர்ஷாக்கின் 'செரினேட்' (1875), கிரீக்கின் 'ஹோல்பர்க் சூட்' (1884) ஆகியவற்றில் ஒன்றாவது எந்த சீசனிலும் தலைகாட்டும்.

இரண்டாவதாக மோட்சார்ட்டின் பியானோ கான்செர்ட்டோ ஒன்று. மூன்றாவதாக இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று: பார்டோக்கின் 'டிவர்ட்டிமென்டோ' (1939) என்றால் நல்லது. பாசெல் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய பால் சாஹர் கேட்டு எழுதியது அது. கிராமிய ஆட்ட மெட்டுகளுக்கு நடுவே, முதுகுத்தண்டு சில்லிடும் ஒரு மெதுவான பகுதி உண்டு. பிரபல தனி வாசிப்பாளர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, படைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முதல் வருஷத்தில் பலன் தரும்.

எத்தனை மணிக்கு முடியும்? கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்.

7.30-க்குத் தொடங்கினால் 9.30-ஐ ஒட்டி முடியும். முதலில் 'ஓவர்ச்சர்' எனும் பத்து நிமிட முகப்பு இசை, பிறகு 25 முதல் 35 நிமிட கான்செர்ட்டோ, 20 நிமிட இடைவேளை, கடைசியில் ஒரு சிம்பொனி என்பது வழக்கமான வரிசை. இருக்கையை விட்டு எழுந்துபோகத் தோதான ஒரே இடம் இடைவேளை.

எந்த சீட் வாங்கலாம்? முன்னால் போனால் நல்லதா?

முதல் மூன்று வரிசைகளில் வயலின் வில் தந்தியை உரசும் சத்தம்வரை கேட்கும், ஆனால் காற்று வாத்தியக்காரர்கள் தந்திக்காரர்களுக்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள். ஒலியும் ஒரு பக்கமாகச் சாயும்: இடது ஓரம் உட்கார்ந்தால் முதல் வயலின், வலது ஓரம் என்றால் பெரும்பாலும் செல்லோ. நடுப்பகுதியில் ஆறிலிருந்து பன்னிரண்டாம் வரிசை வரை பாதுகாப்பான தேர்வு. பால்கனியின் முதல் வரிசை அதைவிட நல்லது, பல அரங்குகளில் விலையும் குறைவு. மேலிருந்து பார்த்தால் மொத்த மேடையும் தெரியும்; எந்த ஒலி எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்ணே சொல்லிக் கொடுக்கும்.

பால்கனி நீண்டு கூரைபோல் மூடும் கீழ்த்தளப் பின்வரிசைகளைத் தவிர்க்கவும். அங்கே நேர் ஒலி வரும், மேல்சுவரிலிருந்து திரும்பி வரும் எதிரொலி வராது. இசை பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். எடின்பரோவின் குவீன்ஸ் ஹால் போலத் தேவாலயமாக இருந்து அரங்கமானவற்றில் தூண்கள் உண்டு. 'பார்வை மறைக்கும்' என்று குறித்த சீட் மலிவு. காதால் மட்டும் கேட்கத் தயார் என்றால் தாராளமாக வாங்குங்கள். லண்டன் விக்மோர் ஹால் மாதிரி 552 இருக்கைகளே உள்ள இடத்தில் இந்தக் கவலை அநேகமாக வேண்டியதில்லை.

பியானோ கச்சேரிக்கு விரல் தெரிய இடது பக்கம்தான் எடுக்கணும், இல்லையா?

கண்டக்டர் தனியாக நிற்கும் கச்சேரியில் சரி. பியானோ குறுக்கே நிற்கும், வாசிப்பவர் உங்களுக்கு இடது புறம் இருப்பார், மூடி உங்களை நோக்கித் திறந்திருக்கும்.

சேம்பர் ஆர்கெஸ்ட்ராவில் பியானோக்காரரே குழுவையும் நடத்துவது அடிக்கடி நடக்கும். அப்போது மூடியைக் கழற்றிவிட்டு, பியானோவின் வாலைக் குழுவுக்குள் செருகி, வாசிப்பவர் உங்களுக்கு முதுகு காட்டி உட்காருவார். மூடி இல்லாததால் ஒலி நேராக உங்களிடம் வராமல் மேல்நோக்கிப் போகும். கீழ்த்தளத்தில் கொஞ்சம் மங்கும், பால்கனியில் நன்றாகக் கேட்கும். ஒரே ஆளின் பெயர் 'பியானோ' என்றும் 'நடத்துபவர்' என்றும் போட்டிருந்தால் இடது வலது பார்க்காமல் மேலே எடுங்கள்.

சீசன் முழுக்க சந்தா கட்டினால் லாபமா?

நான்கு கச்சேரிக்கு மேல் நிச்சயம் போவீர்கள் என்றால் லாபம்: தள்ளுபடி, முதல் தேர்வில் சீட், பல குழுக்களில் வர முடியாத நாளை இன்னொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி. முதல் வருஷக்காரர்கள் மேலே சொன்ன மூன்று கச்சேரிகளுக்குத் தனி டிக்கெட் எடுத்தாலே போதும். நவம்பரின் மழை இரவில் வேலை முடித்துக் கிளம்ப மனம் வருமா என்பது சந்தா கட்டும்போது யாருக்கும் தெரியாது.

எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதாம். வேறு வழி உண்டா?

உண்டு. சந்தாதாரர்கள் திருப்பித் தரும் டிக்கெட்டுகள் கடைசி இரண்டு நாட்களில் சொட்டுச் சொட்டாக வரும். இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதைவிட டிக்கெட் கவுன்டருக்கு போன் செய்து பெயரைப் பதிந்து வையுங்கள். அன்றைக்கே நேரில் போவதானால் ஒரு மணி நேரம் முன்னதாக, ஒற்றை ஆளாக. ஜோடி சீட் கிடைப்பது அரிது. மாணவர்களுக்குத் தனிச் சலுகை பல இடங்களில் உண்டு, அடையாள அட்டை கேட்பார்கள்.

கோட்டு சூட்டு போடணுமா? வேட்டி, புடவை கட்டலாமா?

எது வேண்டுமானாலும். பக்கத்து சீட்டில் ஜீன்ஸ் இருக்கும். பனிக்காலத்தில் கனத்த கோட்டை வாசலில் உள்ள காப்பறையில் கொடுத்துவிடுங்கள், மடியில் வைத்தால் இடமே இருக்காது. பட்டுப் புடவையின் சரசரப்போ வளையலின் சிணுங்கலோ மெதுவான பகுதியில் மூன்று வரிசை தாண்டிக் கேட்கும். அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எப்போது கைதட்ட வேண்டும்? தப்பான இடத்தில் தட்டினால் முறைப்பார்களா?

நிகழ்ச்சித் தாளில் படைப்பின் பெயருக்குக் கீழே 'அலெக்ரோ', 'ஆன்டான்டே' என்று பகுதிகளைப் போட்டிருப்பார்கள். அவற்றை எண்ணிக்கொண்டு வந்து, கடைசியானது முடிந்ததும் தட்டுவது இன்றைய வழக்கம். கணக்குத் தவறினால் மேடையைப் பாருங்கள்: வில்கள் இன்னும் உயர்ந்திருந்தால், கண்டக்டரின் கை கீழே இறங்காதிருந்தால், முடியவில்லை. வேறு எதுவும் நினைவில்லாவிட்டால் மற்றவர்கள் தட்டும்வரை காத்திருங்கள்.

இந்த மௌனம் ஆதிகாலத்து ஆசாரம் ஒன்றும் இல்லை. 1778-ல் பாரிஸில் தன் சிம்பொனி நடந்த கதையை மோட்சார்ட் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். கடைசிப் பகுதியை வேண்டுமென்றே வயலின்கள் மட்டும் எட்டு தாளக்கட்டுக்குத் தணிந்த ஒலியில் வாசிக்கும்படி தொடங்கினாராம். சபை 'உஷ்' என்றதாம். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பாய்ந்ததும் வாசிப்பின் நடுவிலேயே கைதட்டல் எழுந்ததாம். அவருக்கு அதில் ஒரே சந்தோஷம். ஆகவே முதல் பகுதி முடிந்ததும் நாலு பேர் தட்டினால் குற்றமில்லை. முறைப்பவர்தான் வரலாறு படிக்க வேண்டும்.

ஒரு பொறி மட்டும்: ஹைடனின் 90-ம் சிம்பொனி. கடைசிப் பகுதியில் அமர்க்களமாக முடிப்பதுபோல் முடித்து, நான்கு தாளக்கட்டு மௌனம் விட்டு, வேறு சுருதியில் மறுபடி தொடங்கும். அங்கே தட்டி ஏமாறுவதற்காகவே ஹைடன் வைத்த இடம் அது. தயங்காமல் தட்டுங்கள்.

பத்து நிமிடம் லேட். உள்ளே விடுவார்களா?

படைப்புக்கு நடுவே விடமாட்டார்கள். ஓவர்ச்சர் முடிந்ததும் விடுவார்கள், பின்வரிசையில் நிற்க வேண்டியிருக்கலாம். முதல் பாதி முழுக்க ஒரே படைப்பு என்றால் இடைவேளை வரை வெளியே தொலைக்காட்சித் திரைதான்.

ஆறு வயதுப் பெண்ணைக் கூட்டிப் போகலாமா?

இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். ஒரு மணி நேரக் குடும்பக் கச்சேரி இருந்தால் அதற்குப் போங்கள். வழக்கமான கச்சேரிதான் என்றால் வரிசை ஓர சீட் எடுங்கள், முதல் பாதியோடு திரும்பும் திட்டத்தோடு போங்கள். சில குழுக்கள் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் காசே வாங்குவதில்லை. டிக்கெட் எடுக்குமுன் விசாரியுங்கள்.

இருமல் வந்துவிட்டால்?

மிட்டாயின் தாளை வாசிப்பு தொடங்குமுன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 'மெதுவாக' பிரிப்பது சத்தத்தைக் குறைக்காது, நீட்டிக்கத்தான் செய்யும். கைக்குட்டைக்குள் இருமினால் பாதி அடங்கும். போனை அதிர்வில் வைப்பது போதாது, அணைத்துவிடுங்கள். மரத் தரையில் வைத்த கைப்பைக்குள் அதிரும் போன், அடுத்த வரிசைக்கு டபுள் பேஸ் மாதிரி கேட்கும்.

ஆரம்பிக்குமுன் எல்லோரும் ஒரே ஸ்வரத்தை இழுக்கிறார்களே, அதுதான் ஆதார ஷட்ஜமா?

இல்லை. அது 'ஏ', நொடிக்கு 440 அதிர்வு, நம் கணக்கில் ஆறு கட்டை. ஐரோப்பாவில் 442 வரையும் ஏற்றுவார்கள். ஓபோ கொடுக்க மற்றவர்கள் சேர்வார்கள்; பியானோ மேடையில் இருந்தால் அதன் சுருதியை மாற்ற முடியாதாகையால் பியானோவிலிருந்து எடுப்பார்கள். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் நான்கிலும் 'ஏ' தந்தி இருப்பதால்தான் அந்த ஸ்வரம். அடுத்து வரும் படைப்பு ஜி மைனரிலும் இருக்கலாம், டி மேஜரிலும் இருக்கலாம்.

பாஹ், விவால்டி வாசிக்கும் பழைய பாணிக் குழுக்கள் 415-க்கு இறக்குவார்கள், ஏறக்குறைய அரைக் கட்டை. வீட்டில் கேட்டுப் பழகிய பதிவைவிடக் கச்சேரியில் சுருதி தாழ்ந்திருப்பதாகத் தோன்றினால் உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது.

கண்டக்டரே இல்லையே, யார் தாளம் போடுகிறார்கள்?

முதல் வயலின் வரிசையின் முதல் ஆள், பிரிட்டனில் 'லீடர்'. அவர் வயலினைச் சற்றே உயர்த்தி மூச்சிழுப்பதைப் பாருங்கள். அந்த மூச்சின் வேகம்தான் அடுத்து வரும் காலப்பிரமாணம். நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா 1972-லிருந்தே கண்டக்டர் இல்லாமல் இயங்குகிறது. ஆஸ்திரேலியன் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவில் செல்லோக்காரர்கள் தவிரப் பெரும்பாலோர் நின்றுகொண்டே வாசிப்பார்கள், அசைவு ஒருவருக்கொருவர் தெரியட்டும் என்று.

ஓடும் காலத்தில் சிக்கலே வராது. தடுமாறுவதெல்லாம் மூன்று இடங்களில்: முதல் ஸ்வரம், வேகம் குறையும் இடம், நீட்டி நிறுத்திய பிறகு மறுபடி எடுக்கும் இடம். அங்கெல்லாம் மற்ற 36 பேரும் தாளை விட்டுத் தலை தூக்கி லீடரைப் பார்ப்பார்கள். பால்கனியிலிருந்து பார்க்க அது தனி வேடிக்கை.

கான்செர்ட்டோ நடுவில் ஆர்கெஸ்ட்ரா நின்றுவிட்டது, பியானோக்காரர் மட்டும் தன் பாட்டுக்கு வாசித்தார். அது மனோதர்மமா?

'கடென்சா' என்பார்கள். மோட்சார்ட் காலத்தில் மனோதர்மமேதான். இன்று பெரும்பாலும் எழுதி வைத்ததை வாசிக்கிறார்கள். டி மைனர் கான்செர்ட்டோவுக்கு (கே. 466, 1785) மோட்சார்ட் எழுதிய கடென்சா கிடைக்கவில்லை, பலர் பேத்தோவன் எழுதியதை வாசிப்பார்கள். மேடையிலேயே கற்பனை செய்பவர்களும் இருக்கிறார்கள், ராபர்ட் லெவின் அதற்குப் பேர்போனவர். முடியும் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டை வேகமாக அசைத்து நீட்டுவார். உடனே வில்கள் எல்லாம் தந்திக்கு வரும்.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஏதாவது தகராறா?

ஹைடனின் 45-ம் சிம்பொனி, 1772. கோடை அரண்மனையில் பிரபு காலத்தை நீட்டிக்கொண்டே போக, குடும்பத்தைப் பிரிந்திருந்த கலைஞர்களுக்காக ஹைடன் வைத்த கோரிக்கை அது என்பார்கள். கடைசியில் இரண்டு வயலின் மட்டும் மிச்சம். ஒவ்வொரு வாத்தியமாக ஓய்வது இசைத்தாளிலேயே உள்ளது.

விளம்பரத்தில் போட்ட வயலின்காரருக்கு உடம்பு சரியில்லையாம், வேறு ஆள். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கலைஞரும் படைப்பும் மாறலாம் என்று டிக்கெட் விதியிலேயே இருக்கும். கச்சேரியே ரத்தானால்தான் பணம் திரும்பும். ஆளைவிடப் படைப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாள் அவகாசத்தில் வருபவர் தனக்குக் கரதலப்பாடமான கான்செர்ட்டோவைத்தான் கொண்டுவருவார். அதனால் அந்த வாசிப்பு சோடை போவது அரிது.

அதே நிகழ்ச்சி வியாழன் எடின்பரோவில், வெள்ளி கிளாஸ்கோவில். எதற்குப் போவது?

வாசிப்பை மட்டும் பார்த்தால் இரண்டாம் நாள். முதல் நாளில் கொஞ்சம் எச்சரிக்கையோடு வாசித்த இடங்கள் மறுநாள் தளர்ந்து உயிர் பெறும். அரங்கமும் முக்கியம்: கிளாஸ்கோவின் சிட்டி ஹால்ஸ் 1841-ல் திறந்த நீள்சதுர மண்டபம், பக்கச் சுவர்கள் நெருக்கமாக இருப்பதால் இந்த அளவுக் குழுவின் ஒலி நிறைந்து ஒலிக்கும். குவீன்ஸ் ஹாலில் நெருக்கம் அதிகம், முழங்கால் இடம் குறைவு. புதிதாக எழுதப்பட்ட படைப்பின் முதல் அரங்கேற்றம் என்றால் மட்டும் முதல் நாள் போங்கள், அந்தப் பதற்றமும் கச்சேரியின் பகுதிதான்.

பிராம்ஸ், மாலர் எல்லாம் சின்னக் குழு வாசிப்பதாகப் போட்டிருக்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

பிராம்ஸ் விஷயத்தில் இல்லை. அவருடைய நான்காம் சிம்பொனி 1885-ல் ஜெர்மனியின் மைனிங்கன் நகரில் அரங்கேறியபோது அந்த அரசவைக் குழுவில் இருந்தது ஐம்பதுக்கும் குறைவானவர்களே. அந்தக் கணக்கை வைத்துத்தான் கண்டக்டர் சார்லஸ் மெக்கராஸ் ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவுடன் நான்கு சிம்பொனிகளையும் பதிவு செய்தார். வழக்கமான 37 பேரோடு கூடுதலாக ஹார்ன், டிராம்போன், சில தந்திக்காரர்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

மாலர் வேறு கதை. அவர் பெரிய குழுவுக்கே எழுதினார். நீங்கள் கேட்கப்போவது பிறர் சுருக்கிய வடிவம்; நான்காம் சிம்பொனிக்கு எர்வின் ஷ்டைன் 1921-ல் செய்தது பிரபலம், கொஞ்சம் பேர் போதும். படைப்பின் பெயருக்குப் பின்னால் இன்னொருவர் பெயர் சின்ன எழுத்தில் இருந்தால் சுருக்கம் என்று அர்த்தம். ஷோஸ்டகோவிச்சின் 'சேம்பர் சிம்பொனி' இதற்கு நேர்மாறு: நான்கு பேருக்கு 1960-ல் எழுதிய எட்டாம் குவார்ட்டெட்டை ருடால்ஃப் பர்ஷாய் தந்திக் குழுவுக்கு விரித்தது. அதற்குத் தயங்காமல் டிக்கெட் எடுங்கள். மாலர் சுருக்கத்துக்கு, மூல வடிவத்தை ஒரு தடவையாவது அரங்கில் கேட்ட பிறகு.